முதுமையில் வந்த கஜல்: அப்துல் ரகுமானின் பிற்காலத் தொகுதிகள்

தமிழ்ப் புதுக்கவிதையில் குறியீட்டுக் கவிஞராக அறியப்பட்டுக் 'கவிக்கோ' என்ற அடையோடு வழங்கிய அப்துல் ரகுமான் (1937–2017), 'ஆலாபனை' தொகுதிக்காக 1999ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற பின்னர், 2000களின் நடுப்பகுதியில், எழுபது வயதை நெருங்கும் நிலையில், 'மின்மினிகளால் ஒரு கடிதம்', 'ரகசியப் பூ' என்னும் இரு கஜல் தொகுதிகளை வெளியிட்டார். இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் நின்றுவிடுகிறது: கஜலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பது ஒன்று, கஜலின் யாப்பு இவற்றில் இல்லாமையால் இவை கஜல்களே அல்ல என்பது மற்றொன்று. முன்னது வெறும் பாராட்டாகச் சொல்லப்படுவதால், உருதுக் கவிஞர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஏன் நெடிய கவிதை வாழ்வுக்குப் பிறகே அந்த வடிவத்திற்கு வந்து சேர்ந்தார் என்ற வினா எழாமல் போகிறது. பின்னது வெறும் குற்றச்சாட்டாகச் சொல்லப்படுவதால், அவர் விட்டவற்றை விட்டது தமிழின் இயலாமையாலா, அவருடைய மனப்போக்கினாலா என்பது ஆராயப்படாமல் போகிறது. இவ்விரு வினாக்களுக்கும் விடை மதுரையின் மொழி வரலாற்றில் ஒரு பகுதியும் தமிழ் யாப்பில் ஒரு பகுதியுமாகக் கிடக்கிறது.

முதலில் வடிவத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். அரபியில் கஸீதா என்னும் நெடும்பாடலின் தொடக்கத்தில் அமைந்த காதற்பகுதியை மூலமாகக் கொண்டு, பாரசீகத்தில் சாதி, ஹாஃபிஸ் ஆகிய கவிஞர்கள் உச்சத்திற்குக் கொண்டுசென்ற கஜல், ஷேர் எனப்படும் ஈரடிக் கண்ணிகள் பலவற்றால் ஆனது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வரையிலான ஷேர்கள் ஒரு கஜலில் இடம்பெறும். எல்லா ஷேர்களும் பஹர் எனப்படும் ஒரே சந்த அளவில் நடக்க வேண்டும். ஒவ்வோர் ஈரடியின் முடிவிலும் மாறாமல் திரும்பி வரும் சொல்லோ சொற்றொடரோ ரதீஃப். அதற்கு முன்னால் நின்று ஒலியால் ஒத்துவரும் சொல் காஃபியா. தமிழில் வைத்துக் காட்டுவதானால், 'வந்த பின்னும்', 'தந்த பின்னும்', 'நொந்த பின்னும்' என அடிகள் முடியும்போது 'பின்னும்' என்பது ரதீஃப் ஆகும். 'வந்த, தந்த, நொந்த' என்பன காஃபியா ஆகும். மத்லா எனப்படும் முதல் ஷேரில் இரண்டு அடிகளும், அடுத்து வருபவற்றில் இரண்டாம் அடி மட்டும் இவ்வாறு முடியும். மக்தா என்னும் கடைசி ஷேரில் கவிஞர் தகல்லுஸ் எனப்படும் தம் புனைபெயரைப் பதித்து முடிப்பார். இத்தனை கட்டுகளால் ஓசையில் இறுக்கமாகப் பிணைக்கப்பட்ட ஷேர்கள் பொருளில் ஒன்றையொன்று சார்வதில்லை. ஒரு ஷேர் காதலியின் கூந்தலைப் பேச, அடுத்தது மதுக்கடையையும் மூன்றாவது மரணத்தையும் பேசலாம். ஓசையில் ஒருமையும் பொருளில் பன்மையும் இணைந்த இந்த அமைப்புத்தான் கஜலைப் பிற இசைப்பாக்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

இத்தகைய வடிவம் தமிழ்நாட்டுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. இந்தியாவில் பாரசீகக் கஜலை வேரூன்றச் செய்தவருள் தலையாய அமீர் குஸ்ரோ (1253–1325), மாலிக் காஃபூர் 1311இல் மதுரை வரை நடத்திய படையெடுப்பைத் தம் 'கஸாயினுல் ஃபுதூஹ்' என்ற உரைநடை நூலில் எழுதியவர்; கஜலின் பெருங்கவிஞர் ஒருவருக்கு மதுரை முதலில் போர்ச்செய்தியாக அறிமுகமானது வரலாற்றின் கோணல்களில் ஒன்று. பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவியது. வைகையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையத்துப் பெரிய தர்காவும், மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தெற்கே உள்ள காஜிமார் தெருப் பள்ளிவாசலும் இந்நகரில் இசுலாமிய வாழ்வின் பழமைக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. முஸ்லிம் புலவர்கள் வெளிமொழி வடிவங்களைத் தமிழுக்குள் கொண்டுவரத் தயங்கியதும் இல்லை. வினாவிடை வடிவிலான மசலா, கதைப்பாடலாகிய கிஸ்ஸா, இறைவேண்டலாகிய முனாஜாத்து, வரலாற்றுப் பாடலாகிய நாமா எனப் பல வகைகள் பதினாறாம் நூற்றாண்டு முதல் தமிழில் எழுதப்பட்டன. அவற்றுள் காலத்தால் முற்பட்டதாகிய 'ஆயிரம் மசலா' மதுரையிலேயே அரங்கேறியதாகக் கூறப்படுகிறது. இவ்வளவும் வந்த வழியில் கஜல் மட்டும் வரவில்லை.

அதற்குக் காரணம் சமயத்தில் அன்று, மொழிப் பிரிவில் இருக்கிறது. மரைக்காயர், ராவுத்தர், லெப்பை எனப்படும் தமிழ் முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ். அவர்களுடைய சமயக் கல்வியின் மொழி அரபி. அரபெழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வரை அவர்கள் சென்றார்களே அன்றிப் பாரசீகக் காதற்கவிதையின் உலகம் அவர்களுடைய பள்ளிக்கூடத்திற்குள் அவ்வளவாக நுழையவில்லை. மறுபுறம், தக்காணத்திலிருந்தும் ஆர்க்காட்டு நவாபு ஆட்சியை ஒட்டியும் வந்து குடியேறிய உருது பேசும் முஸ்லிம்கள் கஜலை நன்கு அறிந்திருந்தனர். அறிந்ததை உருதுவிலேயே எழுதி, உருதுவிலேயே கேட்டு, தமக்குள்ளேயே வைத்துக்கொண்டனர். வேலூரில் பிறந்து அரபி, பாரசீகம், உருது ஆகிய மும்மொழியிலும் எழுதிய பாகிர் ஆகா (1745–1806) போன்ற பெரும்புலவரை இன்றும் தமிழ் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் குறிப்பிடாமல் விடுவது இப்பிரிவின் விளைவே ஆகும். ஆகவே, தமிழ் எழுதிய முஸ்லிமிடம் கஜல் இல்லை. கஜல் அறிந்த முஸ்லிம் தமிழில் எழுதவில்லை. இரண்டு கரையிலும் கால்வைத்த ஒருவர் தோன்றும் வரை அது காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்துல் ரகுமான் அந்த இடத்தில் பிறந்தவர். மதுரையில் வைகையின் தென்கரையில், கிழக்குச் சந்தைப்பேட்டையில், பாட்டனாரும் தந்தையாரும் உருதுக் கவிஞர்களாக விளங்கிய குடும்பத்தில் தோன்றி, தெப்பக்குளத்துத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்று, பின்னர் உருது பேசுவோர் மிகுந்த தோல்தொழில் ஊராகிய வாணியம்பாடியில், இசுலாமியக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். வீட்டில் உருது, வகுப்பில் சங்கப்பாட்டு, ஊரில் மீண்டும் உருது என்ற இந்த அமைப்பு இருந்தும் அவர் இளமையில் கஜலின் பக்கம் போகாததற்கு அவருடைய காலமே காரணம் எனலாம். 1960களிலும் 1970களிலும் தமிழ்க் கவிஞருக்கு முன் நின்ற கேள்வி மரபு யாப்பை எப்படி உதறுவது என்பதே. அப்துல் ரகுமானின் 'பால்வீதி' (1974) தொகுதி சர்ரியலிசப் படிமங்களோடும் ஜப்பானிய ஐக்கூவின் சாயலோடும் வந்தது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வும் புதுக்கவிதையில் குறியீடு பற்றியது. யாப்பிலிருந்து விடுதலை பெறுவதே புதுமை எனக் கருதப்பட்ட வேளையில், உலகின் மிக இறுக்கமான யாப்புகளுள் ஒன்றைத் தந்தையின் மொழியிலிருந்து எடுத்துவருவது புதுமையாகத் தோன்றியிருக்க இடமில்லை. தூரத்து ஐக்கூ முதலில் வந்ததும் வீட்டுக் கஜல் கடைசியில் வந்ததும் அந்தத் தலைமுறையின் இலக்கிய நாகரிகத்தைச் சொல்லும்.

வழி திறந்தது 'பித்தன்' (1998) தொகுதியில் எனக் கொள்வதற்கு இடமுண்டு. அதில் உலகத்தாரின் அறிவை முரண்மொழிகளால் கவிழ்க்கும் பித்தன் ஒருவன் பேசுகிறான். தமிழ் வாசகருக்கு அவன் சித்தர்களை நினைவூட்டுவான். உருது மரபை அறிந்தவருக்கு லைலாவுக்காகப் பாலைவனத்தில் திரிந்த மஜ்னூனையும், ஊர் ஏசும் திவானாவையும் நினைவூட்டுவான். கஜலில் பேசும் குரலும் இதே பித்தனின் குரல்தான்: மார்க்க அறிஞரை எள்ளும், மதுவைப் புகழும், தோல்வியைப் பெருமையாகச் சொல்லும். குரல் முன்பே வந்துவிட்டதால், சில ஆண்டுகள் கழித்து அதற்குரிய வடிவத்தின் பெயரைச் சூட்டுவது மட்டுமே எஞ்சியிருந்தது.

பெயரைச் சூட்டியபோது அவர் எடுத்துக்கொண்டவை, பொருளால் தனித்து நிற்கும் சிறு கண்ணி, 'நீ' என விளிக்கப்படும் காதலி, முரணைத் தெறிக்கவிட்டு முடியும் உத்தி ஆகிய மூன்றும் ஆகும். விட்டவை பஹரும் காஃபியாவும் ரதீஃபும். ஷேரின் ஈரடியும் புதுக்கவிதைக்குப் பழகிய குறுவரிகளாக உடைந்து விழுகிறது. இதற்குத் தமிழின் இயல்பு இடங்கொடுக்கவில்லை என்று சிலர் சொல்லும் சமாதானம் ஏற்கத்தக்கதன்று. தமிழும் உருதுவைப் போலவே வினையை இறுதியில் வைத்து முடிக்கும் மொழி. ஆகையால் ஒரே வினையையோ வேற்றுமை உருபையோ இடைச்சொல்லையோ அடிதோறும் ஈற்றில் நிறுத்துவது தமிழுக்கு இயல்பாகவே எளிது. வினையை நடுவில் வைக்கும் ஆங்கிலத்தில் அது கடினம். அப்படியிருந்தும், ஏட்ரியன் ரிச் போன்றோர் 1968இல் எழுதிய தளர்ந்த கஜல்களுக்கு எதிராக, காஷ்மீரக் கவிஞர் ஆகா ஷாஹித் அலி (1949–2001) ரதீஃபும் காஃபியாவும் இல்லாதது கஜல் அன்று என வாதாடி, அவ்வாறே எழுதவும் செய்தார். தெலுங்கில் சி. நாராயண ரெட்டி கஜல் எழுதி, தாமே மேடையில் பாடியும் காட்டினார். மராத்தியில் சுரேஷ் பட், இந்தியில் துஷ்யந்த் குமார் ஆகியோர் யாப்பைக் காத்துக்கொண்டே பொருளை நம் காலத்திற்குத் திருப்பினர். இவர்கள் நடுவில் தமிழ்க் கஜல் மட்டும் யாப்பில்லாமல் நின்றது.

இன்னும் வியப்புக்குரியது, கஜலுக்கு மிக நெருங்கிய வடிவம் தமிழிலேயே ஆயத்தமாக இருந்தது என்பதாகும். கண்ணி எனப்படும் ஈரடிப் பாட்டில், அடிகள் தொடக்கத்தில் எதுகையால் இணைந்து, ஒவ்வொரு கண்ணியும் பொருளால் தனித்து நின்று, எல்லாக் கண்ணிகளும் ஒரே விளியில் முடியும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தாயுமானவரின் பராபரக்கண்ணி இதற்குப் பெயர்பெற்ற சான்று. அதில் கண்ணிதோறும் திரும்பிவரும் இறைவிளி ரதீஃபின் வேலையையே செய்கிறது. அந்த மரபைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முஸ்லிம் ஞானியாகிய குணங்குடி மஸ்தான் சாகிபு எடுத்துக்கொண்டு, பராபரக்கண்ணியும் ரகுமான் கண்ணியும் மனோன்மணிக்கண்ணியும் பாடினார். மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில் தவமிருந்தவராகக் கூறப்படும் அவர், மனோன்மணிக்கண்ணியில் இறையைப் பெண்ணாக்கித் தாம் காதலனாக நின்று உருகுகிறார். இறைவனைத் தலைவனாகவும் அடியாரைத் தலைவியாகவும் வைக்கும் தேவார, திவ்வியப் பிரபந்த மரபுக்கு இது மறுதலை. பாரசீகச் சூஃபிக் கவிதைக்கு இது உடன்பிறப்பு. கவிஞர் தம் பெயரைக் கடைசிப் பாட்டில் பதிக்கும் மக்தாவுக்கும் தமிழில் முன்னோடி உண்டு: சம்பந்தர் பதிகங்களின் இறுதியில் வரும் திருக்கடைக்காப்பு அதுவே. திருக்குறளின் இன்பத்துப்பாலில் ஓர் அதிகாரத்தின் பத்துக் குறளும் ஒரே பொருளைச் சுற்றி, ஒன்றையொன்று சாராமல் நிற்பதும் கஜலின் அமைப்பை நினைவூட்டுவதே. இவை எல்லாவற்றையும் கற்றுக் கற்பித்த பேராசிரியர் ஒருவர் கண்ணியின் எதுகையையும் ஈற்று விளியையும் கஜலின் ரதீஃபோடு பிணைக்க முனையாதது தற்செயல் அன்று. இளமையில் உதறிய யாப்பை முதுமையில் மீண்டும் அணிய அவருடைய தலைமுறைக்கு மனம் வரவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

இழப்பு என்ன என்பதை மேடையை வைத்து மதிப்பிடலாம். உருதுக் கவிஞர்கள் கூடிப் பாடும் முஷாயிராவில், முதல் அடியைக் கவிஞர் ஒருமுறைக்கு இருமுறை சொல்வார். அவையினரும் அதைத் திருப்பிச் சொல்வர். காஃபியா காதில் விழுந்த நொடியில் ரதீஃப் என்னவென்று அவைக்குத் தெரிந்துவிடுமாதலால், கவிஞரும் கேட்போரும் கடைசிச் சொல்லைச் சேர்ந்தே சொல்லி முடிப்பர். எதிர்பார்த்த சொல் எதிர்பாராத பொருளோடு வருவதில்தான் ஷேரின் வெற்றி இருக்கிறது. தமிழில் இதற்கு இணையானது கவியரங்கம். மு. கருணாநிதி தலைமையிலும் பிறர் தலைமையிலும் நடந்த கவியரங்குகளில் அவையை ஓரிரு வரிகளில் எழுப்பிவிடும் ஆற்றலால் பெயர்பெற்றவர் அப்துல் ரகுமான். அந்த ஆற்றலே அவரை ஷேரை நோக்கி இழுத்தது என்றும் சொல்லலாம். ஆயினும், கவியரங்கத்தில் கைதட்டல் வரியின் முடிவுக்குப் பிறகு வருவது. முஷாயிராவில் அவை வரிக்குள்ளேயே புகுந்துவிடுவது. ரதீஃப் இல்லாத கஜலில் கேட்பவர் முன்கூட்டி நுழைவதற்கான வாசல் அடைபட்டுவிடுகிறது. குலாம் அலி, ஜக்ஜித் சிங், ஹரிஹரன் ஆகியோரின் ஒலிநாடாக்கள் வழியாகக் கஜலை இசையாகவே அறிந்திருந்த தமிழ்க் கேட்போருக்குத் தமிழ்க் கஜல் பாட்டாக வராமல் அச்சிலேயே தங்கிவிட்டதற்கும் இதுவே முதற்காரணம் ஆகலாம். மெட்டு திரும்பி வந்து உட்காருவதற்கு ஒரு சொல் வேண்டும்.

வேறொரு குறையும் உண்டு. ஓசை தரும் பிணைப்பு இல்லாதபோது, தனித்து நிற்கும் சிறு கண்ணி முழுப் பாரத்தையும் முரணின் மேல் ஏற்ற வேண்டியதாகிறது. முரண் வலுவாக இல்லாத இடத்தில் கவிதை சமத்காரமான துணுக்காகச் சுருங்கிவிடுகிறது. வானம்பாடி இயக்கக் கவிஞர்கள் மேல் 'எழுத்து' இதழின் மரபினர் முன்பு வைத்த மேடைத்தன்மை என்ற குறை இத்தொகுதிகளின் சில பக்கங்களுக்கும் பொருந்தும். அடுத்தடுத்த கண்ணிகளில் ஒரே வகையான தலைகீழாக்கம் வரும்போது மூன்றாவதில் வாசகர் விடையை முன்னமே அறிந்துகொள்கிறார்; ரதீஃப் இருந்திருந்தால் அவ்வாறு அறிவது இன்பமாகியிருக்கும், அது இல்லாதபோது அலுப்பாகிறது.

இவ்வளவு குறைக்குப் பின்னும் இத்தொகுதிகள் முக்கியமாவது அவற்றின் காதலியால். சூஃபி மரபு காதலை இஷ்கே மஜாஸி என்றும் இஷ்கே ஹகீகி என்றும் இரண்டாகக் கொள்கிறது. மனிதர் மேல் வைக்கும் காதல் முன்னது, இறைவன் மேல் வைக்கும் மெய்க்காதல் பின்னது, முன்னது பின்னதற்கு ஏறும் படி. நல்ல ஷேரில் இவற்றுள் எது பேசப்படுகிறது என்று அறுதியிட முடியாது. அவ்வாறு முடியாமல் வைப்பதே கவிஞரின் திறன். பாரசீகத்தில் படர்க்கைப் பெயருக்கும் வினைக்கும் பால்வேறுபாடு இல்லாததால் அது எளிதாக அமைந்தது. உருது மரபு காதலியையும் ஆண்பாலிலேயே சுட்டி அந்த மயக்கத்தைக் காத்தது. தமிழ்ப் படர்க்கை வினையோ 'வந்தான்', 'வந்தாள்' எனப் பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். முன்னிலைக்கு அந்தத் தடை இல்லை. 'நீ' என்று விளித்துப் பேசும் வரை எதிரே நிற்பது பெண்ணா, இறையா, சாவா என்பது மறைவாகவே இருக்கும். அப்துல் ரகுமானின் கஜல்கள் முன்னிலையில் நிலைகொள்வது இந்த வகையில் நுட்பமான தேர்வு. தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டாமல் பாடவேண்டும் என்ற தொல்காப்பிய அகமரபும் இதற்குத் துணைநிற்கிறது. யாப்பில் தமிழ் மரபைப் பயன்படுத்தாத கவிஞர் பொருளில் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

முதுமை இங்கேதான் பொருள் பெறுகிறது. தமிழ்ச் சூழலில் எழுபதை நெருங்கும் ஒருவர் நேரடியான காதற்கவிதை எழுதினால் நகைப்புக்கோ நாணத்துக்கோ இடமாகும். கஜல் அந்த நாணத்தைத் தேவையற்றதாக்குகிறது, ஏனெனில் அதில் காதலன் என்றுமே தோற்றவன், என்றுமே கடைசி நேரத்தில் நிற்பவன். இதே வயதில் இதே வாசலுக்கு வந்த வேறொருவர் ஜெர்மானியக் கவிஞர் கதே. ஹாஃபிஸை மொழிபெயர்ப்பில் படித்து, அறுபத்தைந்தாவது வயதில் தொடங்கி, எழுபதாவது வயதில், 1819இல், அவர் வெளியிட்ட 'மேற்கு-கிழக்குத் திவான்' பாரசீக யாப்பைப் பெரும்பாலும் பின்பற்றாமல் அதன் மனநிலையை மட்டும் ஏற்றது. கதேக்கு அது பிறமொழி உலகம். அப்துல் ரகுமானுக்கோ அது தந்தையின் உலகம். ஒரு வேற்றுமை இதிலிருந்து பிறக்கிறது: கதேயின் நூலில் புதிய ஊருக்குப் போனவரின் உற்சாகம் இருக்கிறது; தமிழ்க் கஜல்களில் திரும்பி வந்தவரின் பழக்கம் இருக்கிறது. விளக்கு, விட்டில், மதுக்கிண்ணம், முள், ரோஜா ஆகிய கஜலின் பழைய பொருள்களை அவர் விளக்கவுரை இல்லாமல் கையாள முடிந்தது இதனால்தான்.

சாவைப் பேசும் கண்ணிகளில் இப்பழக்கம் மிகுந்த பயன் தருகிறது. கோரிப்பாளையத்துத் தர்காவிலும் நாடெங்கும் உள்ள பிற தர்காக்களிலும் இறைநேசர் மறைந்த நாளை உர்ஸ் எனக் கொண்டாடுவது, அவர் தம் காதலரோடு கூடிய மணநாளாக அதைக் கருதுவதால்தான். சந்தனக்கூடும் விளக்கும் மாலையுமாக ஒரு மரண நாள் திருமணக் கோலம் கொள்ளும் தெருக்களைக் கொண்ட நகரில் வளர்ந்தவருக்குச் சாவைக் கூடலாகப் பாடுவது இரவல் உருவகம் ஆகாது. அவருடைய முற்காலக் குறியீடுகள் பல பொருளுரை வேண்டி நின்றவை; இப்பிற்காலக் கண்ணிகளுள் சிறந்தவை மேலுக்கு மிக எளியவை, காதற்பாட்டாகவே படித்து முடித்துவிடலாம், இரண்டாம் முறை படிக்கும்போதுதான் விளிக்கப்படுபவர் யார் என்ற ஐயம் தலைதூக்கும்.

அவருக்குப் பின் கஜல் என்ற பெயர் தமிழில் பரவியது. வடிவம் பரவியது எனச் சொல்வது கடினம். குறுங்காதற்கவிதை எதற்கும் அப்பெயரைச் சூட்டும் வழக்கம் வந்துவிட்டது. அவர் விட்ட ரதீஃபைப் பின்வந்தவர்களும் விட்டனர். அவர் போற்றிக் காத்த இருபொருளையும் பலர் சேர்த்து விட்டுவிட்டனர். எஞ்சியது 'நீ' என்ற விளி மட்டுமே, அதுவும் ஒரே ஒரு பெண்ணை மட்டும் குறிக்கும் விளி. ஈற்றுச் சொல்லை எப்படித் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது என்பதை இனிக் கஜல் எழுத வருபவர் உருது கற்றுத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. குணங்குடியார் பாடல் திரட்டைத் திறந்தாலே போதும், திருப்பரங்குன்றம் மதுரையிலிருந்து அவ்வளவு தொலைவில் இல்லை.